லண்டன் போகும் பிள்ளையின் பார்ட் டைம் சம்பளத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தேர்வு முடிவுகள் வரும் மாதங்களில் உங்கள் கல்வி இணைப்பில் வெளிநாட்டுப் படிப்பைப் பற்றி வாரா வாரம் ஏதாவது ஒரு கட்டுரை வருகிறது. எந்தப் பல்கலைக்கழகம் எத்தனையாவது இடம், ஐஇஎல்டிஎஸ் மதிப்பெண் எவ்வளவு வேண்டும், கல்விக் கடனுக்கு என்னென்ன ஆவணம், விசாவுக்கு எப்போது விண்ணப்பிக்க வேண்டும் என்று எல்லாம் எழுதுகிறீர்கள், நல்ல விஷயம்தான். ஆனால் பிள்ளை விமானம் ஏறியதும் கட்டுரை முடிந்துவிடுகிறது. ஹீத்ரோவில் இறங்கிய பிறகு முதல் மூன்று நான்கு மாதம் அந்தப் பிள்ளை எங்கே தூங்குகிறது, என்ன சாப்பிடுகிறது, காய்ச்சல் வந்தால் யாரிடம் போகிறது என்பதை யாரும் எழுதுவதில்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கரூர்ப் பக்கத்தைச் சேர்ந்தவள். முதுநிலைப் படிப்புக்காக லண்டன் வந்து, இப்போது இங்கேயே முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். கிழக்கு லண்டனில் ஈஸ்ட் ஹாமில் குடியிருக்கிறேன். செப்டம்பரிலும் ஜனவரியிலும் எங்கள் தெருக்களில் பெரிய பெரிய சூட்கேஸை இழுத்துக்கொண்டு, கையில் போனை வைத்து வழி தேடிக்கொண்டு போகும் புதுப் பிள்ளைகளைப் பார்க்காத நாள் இருக்காது. கோயம்புத்தூர், திருநெல்வேலி, வேலூர் என்று எல்லா ஊரும் உண்டு. அவர்களோடு பேசிப் பேசி, அறை தேடப் போகும்போது துணைக்குப் போய், எனக்கு ஒன்று உறுதியாகத் தெரிந்துவிட்டது. இவர்கள் இங்கே படும் பாட்டில் பெரும்பகுதி ஊரில் வீட்டு மேஜையில் போட்ட ஒரு கணக்கிலிருந்து வருகிறது. "போனதும் பார்ட் டைம் வேலை கிடைச்சிடும், சாப்பாடு, வாடகையை அவனே பாத்துக்குவான், மிச்சம் பிடிச்சு வட்டிக்கும் அனுப்புவான்" என்கிற கணக்கு. பெற்றோர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றே ஒன்றுதான், அந்த வரியை அடித்துவிட்டு மறுபடியும் கூட்டிப் பாருங்கள்.

ஏன் என்று விவரமாகச் சொல்கிறேன். படிப்பு நடக்கும் காலத்தில் பட்டப்படிப்பு மாணவர் விசாவில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். திங்கள் முதல் ஞாயிறு வரை ஒரு வாரம் என்று கணக்கு, இந்த வாரம் 10 மணி நேரம் பார்த்தேன், அடுத்த வாரம் 30 பார்த்துக்கொள்கிறேன் என்று சராசரி போட முடியாது. 21 வயது நிரம்பியவர்களுக்கு 2026 ஏப்ரலிலிருந்து குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.71 பவுண்டு. 20 மணி நேரமும் முழுசாகக் கிடைத்தால் வாரம் 254 பவுண்டு, மாதம் ஏறக்குறைய 1,100 பவுண்டு. ரூபாயில் பெருக்கிப் பார்த்தால் ஊரில் யாருக்கும் கண் விரியும், சரி. ஆனால் இதே பிரிட்டன் அரசு, லண்டனில் படிக்க வரும் மாணவருக்குச் சாப்பாடு, தங்கல் செலவுக்கு மட்டும் மாதம் 1,529 பவுண்டு வேண்டும் என்று சொல்லி, ஒன்பது மாதத்துக்கு 13,761 பவுண்டை வங்கியில் காட்டச் சொல்கிறது. காரணம் இல்லாமல் கேட்கவில்லை, இந்த நகரத்தில் செலவு அவ்வளவு ஆகிறது. ஒரு மணி நேரம்கூட விடாமல் வேலை பார்த்தாலும் மாதம் 400 பவுண்டுக்கு மேல் துண்டு விழும்.

அந்த 13,761 பவுண்டு 28 நாள் வங்கிக் கணக்கில் இருந்தால் போதும் என்பதுதான் விதி. அதனால் உறவுக்காரர்களிடம் கைமாற்று வாங்கி, அல்லது வட்டிக்கு வாங்கி, 28 நாள் காட்டிவிட்டு, விசா வந்ததும் திருப்பிக் கொடுத்துவிடுகிற குடும்பங்கள் நிறைய. காகிதத்தில் எல்லாம் சரியாக இருக்கும், பிள்ளை மட்டும் கையில் இரண்டு மாதச் செலவுக்குப் பணம் வைத்துக்கொண்டு வந்து இறங்கும். கன்சல்டன்சிக்காரர்கள் இதை ஒரு சடங்கு மாதிரி சொல்லிக்கொடுப்பது எனக்கு ரொம்பக் கோபம் வரும் விஷயம். மாணவர் சேர்ந்தால் பல்கலைக்கழகத்திடமிருந்து அவர்களுக்குக் கமிஷன் வருகிறது, சேர்ந்த பிறகு அந்த மாணவர் எப்படி வாழ்கிறார் என்பதைக் கவனிக்க வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை.

அப்புறம், 20 மணி நேரம் என்பது உச்சவரம்பு. யாரும் அதைத் தருவதாக வாக்குக் கொடுக்கவில்லை. கடைகளிலும் உணவகங்களிலும் கிடைக்கும் வேலைகளில் பலவற்றில் இத்தனை மணி நேரம் தருவோம் என்ற உறுதியே ஒப்பந்தத்தில் இருக்காது, இந்த வாரம் 16 மணி நேரம், அடுத்த வாரம் 6, கிறிஸ்துமஸ் முடிந்து ஜனவரி வந்தால் சில இடங்களில் ஒன்றுமே இல்லை. செப்டம்பரில் எல்லோரும் ஒரே சமயத்தில் வேலை தேடுவதால் முதல் வேலை கிடைக்கவே மாதக்கணக்கில் ஆகிறது. முதுநிலை மாணவர்கள் கோடையில் முழு நேரம் வேலை பார்த்துப் பணம் சேர்த்துவிடலாம் என்று நினைத்து வருகிறார்கள். இளநிலை மாணவர்களுக்கு அது விடுமுறை. ஓராண்டு முதுநிலைப் படிப்பில் அந்த மாதங்கள் பெரும்பாலும் ஆய்வேடு எழுதும் காலம், அதுவும் படிப்புக் காலம்தான், அதே 20 மணி நேரம்தான். இதை ஊரிலேயே யாராவது சொல்லியிருந்தால் பலபேர் வேறு மாதிரி திட்டமிட்டிருப்பார்கள்.

பணம் பற்றாதபோது என்ன நடக்கிறது என்பதையும் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும். மாணவர் விசாவில் சுயதொழில் செய்யக் கூடாது. உணவு டெலிவரி செய்வது பெரும்பாலும் சுயதொழில் என்ற கணக்கில்தான் வரும். அதனால் வேறு யாருடைய டெலிவரி கணக்கையோ வாரவாடகைக்கு எடுத்து, மழையில் சைக்கிள் மிதிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். பிடிபட்டால் விசா போகும், படிப்பு போகும், கட்டிய கட்டணம் போகும். இன்னொரு பக்கம், கணக்கில் காட்டாமல் கையில் காசு கொடுக்கிற வேலைகள். குறைந்தபட்சக் கூலியைவிடக் குறைவாகக் கொடுப்பார்கள், நேரக் கணக்கு இருக்காது, ஏன் என்று கேட்டால் நாளையிலிருந்து வரவேண்டாம் என்பார்கள். நம் ஆட்கள் நடத்துகிற சில கடைகளிலும் இது நடக்கிறது என்பதை வருத்தத்தோடு எழுதுகிறேன். இரவு ஷிஃப்ட் முடித்துவிட்டு காலை வகுப்புக்குப் போக முடியாமல் தூங்கிவிட்டால், வருகைப் பதிவை பல்கலைக்கழகம் பார்த்துக்கொண்டே இருக்கிறது. மாணவர் ஒழுங்காக வருவதில்லை என்றால் அவர்கள் உள்துறைக்குத் தெரிவிக்க வேண்டும், அவர்களுக்கு வேறு வழியில்லை. வீட்டில் 1,100 பவுண்டு என்று எழுதிய அந்த ஒரு வரி இங்கே வந்து இப்படியெல்லாம் வேலை செய்கிறது.

இனி வீடு. லண்டனில் புது மாணவரை அதிகம் அலைக்கழிப்பது இதுதான். வாடகைக்கு எடுக்கப் போனால் பிரிட்டனில் சம்பாதிக்கிற ஒருவர் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்பார்கள், நமக்கு யார் இருக்கிறார்கள்? ஜாமீன் இல்லையென்றால் ஆறு மாத வாடகையை முன்கூட்டியே கட்டச் சொல்வது இங்கே வழக்கமாக இருந்தது. 2026 மே 1 முதல் இங்கிலாந்தில் தனியார் வாடகை வீடுகளுக்கு ஒரு மாத வாடகைக்கு மேல் முன்கூட்டியே வாங்கக் கூடாது என்று புதுச் சட்டம் வந்திருக்கிறது. டெபாசிட்டும் ஐந்து வார வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது (வருட வாடகை 50,000 பவுண்டுக்குள் இருந்தால், மாணவர்கள் எடுக்கிற வீடுகள் பெரும்பாலும் அதற்குள்தான்), வாங்கிய டெபாசிட்டை 30 நாளுக்குள் அரசு அங்கீகரித்த மூன்று பாதுகாப்புத் திட்டங்களில் ஒன்றில் போட்டு அதற்கான சான்றைத் தர வேண்டும். வீட்டு உரிமையாளரே அதே வீட்டில் குடியிருந்து உங்களுக்கு ஓர் அறையை மட்டும் விட்டால் இந்த டெபாசிட் பாதுகாப்பு கிடையாது. ஈஸ்ட் ஹாமிலும் இல்ஃபர்டிலும் நம் பிள்ளைகள் எடுக்கிற அறைகளில் நிறைய இந்த மாதிரிதான். அப்படிப்பட்ட இடத்தில் டெபாசிட்டைக் கையில் கொடுக்காமல் வங்கி வழியாக அனுப்புங்கள், எழுத்தில் ரசீது வாங்குங்கள், உள்ளே போகும் அன்றே அறையைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஓர் அறையை இரண்டு பேர், மூன்று பேர் பகிர்ந்துகொள்வது நம் பிள்ளைகளிடம் சகஜம். காசு மிச்சமாகும் என்று ஊரிலும் ஊக்கப்படுத்துவார்கள். இங்கே அதற்கும் சட்டம் இருக்கிறது. ஒரே குடும்பமாக இல்லாத ஐந்து பேரோ அதற்கு மேலோ இருக்கிற வாடகை வீட்டுக்கு லைசென்ஸ் கட்டாயம். லைசென்ஸ் உள்ள அத்தகைய வீட்டில் ஒருவர் தூங்கும் அறை 6.51 சதுர மீட்டருக்கும், இரண்டு பேர் தூங்கும் அறை 10.22 சதுர மீட்டருக்கும் குறையக் கூடாது. நம் கணக்கில் 70 சதுர அடி, 110 சதுர அடி. நான் துணைக்குப் போன இடங்களில் கதவைத் திறந்தால் கட்டில் இடிக்கிற அறையில் இரண்டு கட்டில் போட்டு ஆளுக்கு 400 பவுண்டுக்கு மேல் கேட்டதைப் பார்த்திருக்கிறேன். ஈஸ்ட் ஹாம் இருக்கிற நியூஹாம் கவுன்சில் (நம் ஊர் மாநகராட்சி மாதிரி) 2013-லேயே பகுதி முழுவதும் தனியார் வாடகை வீடுகளுக்கு லைசென்ஸ் கொண்டுவந்த இடம். அந்த முகவரிக்கு லைசென்ஸ் இருக்கிறதா என்று கவுன்சில் பதிவேட்டில் யாரும் பார்க்கலாம், புகாரும் கொடுக்கலாம். பிள்ளைகள் பயந்துகொண்டு கொடுப்பதில்லை, புகார் கொடுத்தால் விசாவுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று. வீட்டைப் பற்றிப் புகார் கொடுப்பது விசா நிபந்தனையை மீறுவது ஆகாது.

வாட்ஸ்அப் குழுவிலும் ஃபேஸ்புக்கிலும் வருகிற படத்தைப் பார்த்து ஊரிலிருந்தே டெபாசிட் அனுப்பிவிடுவது மாபெரும் ஆபத்து. நேரில் பார்க்காத அறைக்குப் பணம் அனுப்பாதீர்கள், சொல்கிறவர் சொந்த ஊர்க்காரராக இருந்தாலும் சரி. படிப்பில் இடம் உறுதியானதும் பல்கலைக்கழக விடுதிக்கு விண்ணப்பியுங்கள், கடைசித் தேதிக்குள் கேட்டால் வெளிநாட்டு மாணவருக்கு முதல் வருடம் இடம் உறுதி என்று சொல்கிற பல்கலைக்கழகங்களும் இருக்கின்றன. விடுதி விலை அதிகம் என்று தோன்றும். ஆனால் அதில் மின்சாரம், சூடாக்கும் செலவு, இணையம் எல்லாம் பெரும்பாலும் அடங்கியிருக்கும், ஜாமீன் தொல்லையும் பொதுவாகக் குறைவு. முழு வருடமும் முடியாவிட்டால் முதல் சில வாரமாவது முறையான ஓர் இடத்தில் தங்கி, அங்கிருந்து நடந்து திரிந்து அறை பாருங்கள். அந்தச் சில வாரச் செலவு தண்டச் செலவு இல்லை.

சின்னச் சின்ன விஷயங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். முழு நேர மாணவர்கள் மட்டுமே குடியிருக்கிற வீட்டுக்கு கவுன்சில் வரி கிடையாது, பல்கலைக்கழகத்தில் சான்றிதழ் வாங்கி கவுன்சிலுக்குக் கொடுக்க வேண்டும், கூட ஒருவர் முழு நேர வேலைக்குப் போனால் பில் வரும். பஸ்ஸில் ஒருமுறை கட்டணம் கொடுத்தால் ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பஸ் மாறினாலும் மறுபடி காசு இல்லை, அவசரம் இல்லாத நாளில் ரயிலை விட்டுவிடலாம். மாணவர்களுக்கான ஆய்ஸ்டர் கார்டு என்ற பயண அட்டையில் வாராந்தர, மாதாந்தரப் பாஸுக்கு 30 சதவீதம் தள்ளுபடி உண்டு. விசா இப்போது அட்டையாக வருவதில்லை, ஆன்லைன் கணக்கில் இருக்கிறது, அந்தக் கணக்கை ஊரிலேயே திறந்து பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் சரியா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள், வேலைக்கும் வீட்டுக்கும் அதிலிருந்துதான் குறியீட்டு எண் எடுத்துக் காட்ட வேண்டும்.

உடம்பு விஷயத்தை மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதே மருத்துவத்துக்கென்று வருடத்துக்கு 776 பவுண்டு கட்டிவிட்டுத்தான் வருகிறோம், ஓராண்டு முதுநிலைக்கு விசாவின் மிச்ச மாதங்களையும் சேர்த்துப் பெரும்பாலும் 1,164 பவுண்டு ஆகும். இவ்வளவு கட்டியும், பக்கத்து ஜிபி (குடும்ப மருத்துவர்) மருத்துவமனையில் பெயர் பதியாமல் மாதக்கணக்கில் இருக்கிறார்கள். பதிவதற்குக் காசு இல்லை, முகவரிச் சான்று இல்லை என்று சொல்லி அவர்கள் மறுக்கவும் கூடாது. வந்த முதல் வாரத்திலேயே பதிந்துவிட வேண்டும். உயிருக்கு ஆபத்தில்லாமல் உடனே உதவி வேண்டுமென்றால் 111 என்ற எண்ணை அழைக்கலாம், உயிருக்கு ஆபத்தென்றால் 999. மருந்துச் சீட்டுக்கு ஒரு மருந்துக்கு 9.90 பவுண்டு, வருமானம் குறைவு என்று விண்ணப்பித்தால் மாணவர்களுக்கு அதுவும் இல்லாமல் போகலாம். டிசம்பரில் மாலை நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். அக்டோபர் முதல் மார்ச் வரை தினம் 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி எடுத்துக்கொள்ளலாம் என்று இங்குள்ள அரசே எல்லோருக்கும் சொல்கிறது, நம்மைப் போன்ற தெற்காசியத் தோலுக்கு வருடம் முழுவதும். மருந்துக் கடையில் மலிவாகக் கிடைக்கும், பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள் வாங்கினார்களா என்று.

மனசும் உடம்பில் சேர்த்திதான். அக்டோபர் கடைசி ஞாயிறு இங்கே கடிகாரத்தைப் பின்னால் தள்ளி வைப்பார்கள், அதற்குப் பிறகு இந்தியாவுக்கும் லண்டனுக்கும் ஐந்தரை மணி நேர வித்தியாசம். ஷிஃப்ட் முடிந்து இரவு ஒன்பது மணிக்குப் பிள்ளை அறைக்கு வந்து உட்காரும்போது வீட்டில் விடியற்காலை இரண்டரை. பேச ஆள் இருக்காது. அம்மாவிடம் பேசுவது வாரம் ஒருமுறையாகிவிடும், அந்தப் பேச்சும் "சாப்டியா", "சாப்டேன்", "பணம் இருக்கா", "இருக்கு" என்பதோடு நின்றுவிடும். கடன் வாங்கி அனுப்பியிருக்கிறார்கள் என்று தெரிந்த பிள்ளை கஷ்டத்தைச் சொல்லாது. அதனால் பெற்றோர்கள்தான் முதலில் சொல்ல வேண்டும்: பணம் குறைந்தால் சொல், ஒரு பாடத்தில் தேறாவிட்டாலும் சொல், திட்ட மாட்டோம் என்று. இதைப் போகும் முன்பே சொல்லி அனுப்புங்கள். பல்கலைக்கழகங்களில் மனநல ஆலோசனை இலவசம், பணக் கஷ்டத்தில் இருக்கும் மாணவருக்கு உதவ பல இடங்களில் நிதியும் இருக்கிறது, கேட்டால்தான் கிடைக்கும். மனம் உடைந்தவர்களின் பேச்சைக் கேட்கும் சமாரிட்டன்ஸ் அமைப்பை 116 123 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம்.

நல்லதையும் சொல்ல வேண்டும். கிழக்கு லண்டனில் தமிழ்ப் பிள்ளைக்கு இருக்கிற பெரிய பலம் ஈழத் தமிழர்கள். 1983 கலவரத்துக்குப் பிறகு கையில் ஒன்றும் இல்லாமல் வந்து, கடைகளையும் கோயில்களையும் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிகளையும் கட்டியெழுப்பியவர்கள். மேனர் பார்க்கில் சர்ச் ரோட்டில் இருக்கிற முருகன் கோயிலுக்கு ஒரு வெள்ளிக்கிழமை போய்ப் பாருங்கள். "பிள்ளை, எங்கை இருந்து வந்தனீங்கள், சாப்பிட்டனீங்களோ" என்று முன்பின் தெரியாத அம்மா ஒருவர் கேட்பார். அறை, வேலை, நல்ல டாக்டர் என்று எதைக் கேட்டாலும் இரண்டு பேரிடம் விசாரித்துச் சொல்வார்கள். நம் ஊரிலிருந்து வருகிற சிலர் அவர்கள் பேச்சைக் கேட்டுச் சிரிப்பதைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அவர்களிடம் மரியாதையாகப் பழகுகிற பிள்ளைக்கு இந்த நகரத்தில் ஒரு குடும்பம் கிடைக்கும். அதோடு தமிழ்ப் பிள்ளைகளோடு மட்டுமே இருந்துவிடாமல் வகுப்பில் பக்கத்தில் உட்காருகிற நைஜீரியாக்காரரோடும் சீனாக்காரரோடும் சேர்ந்து படிக்க வேண்டும். இங்கே வகுப்பில் பேச வேண்டும், ஆசிரியர் சொன்னதை மறுத்தும் பேசலாம், அதை எதிர்பார்க்கிறார்கள். எங்கிருந்து எடுத்தோம் என்று குறிப்பிடாமல் ஒரு பத்தியைச் சேர்த்தால் அது பெரிய குற்றம், விசாரணை வரைக்கும் போகும்.

கடைசியாக இன்னொரு கணக்கு. படித்து முடித்ததும் இரண்டு வருடம் தங்கி வேலை பார்க்கலாம், அதில் கடனை அடைத்துவிடலாம் என்று கன்சல்டன்சியில் இன்னமும் சொல்கிறார்கள். அந்த கிராஜுவேட் விசா 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கிறவர்களுக்கு 18 மாதம்தான், முனைவர் பட்டம் முடித்தவர்களுக்கு மட்டும் மூன்று வருடம். 2026 செப்டம்பரில் ஓராண்டுப் படிப்புக்கு வருகிற பிள்ளை முடித்து விண்ணப்பிக்கும்போது 18 மாதக் கணக்கில்தான் வரும். அதற்குப் பிறகும் இருக்க வேண்டுமென்றால் ஸ்பான்சர் செய்கிற நிறுவனம் வேண்டும், ஸ்கில்டு வொர்க்கர் விசாவுக்கு 2025 ஜூலையிலிருந்து பொதுவான சம்பள வரம்பு வருடத்துக்கு 41,700 பவுண்டு, புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு 33,400. படிப்பின் முதல் மாதத்திலிருந்தே வேலை தேடத் தொடங்கினால்தான் இது முடியும், அதற்கும் நேரம் வேண்டும், அந்த நேரத்தைக் கடை ஷிஃப்டில் கரைத்துவிட்டால் எங்கே போவது?

ஆசிரியர் அவர்களே, ஜூன், ஜூலையில் விசா விண்ணப்பங்கள் மும்முரமாக இருக்கும்போது உங்கள் கல்வி இணைப்பில் ஒரு பக்கத்தை இதற்கு ஒதுக்குங்கள். கன்சல்டன்சி நடத்துகிறவர்களிடம் கேட்டு எழுதாமல், இப்போது இங்கே படித்துக்கொண்டிருக்கிற, போன வருடம் முடித்து ஊர் திரும்பிய பிள்ளைகளையே எழுதச் சொல்லுங்கள், மாதச் செலவு எவ்வளவு, எத்தனை மாதம் வேலை இல்லாமல் இருந்தார்கள், டெபாசிட் திரும்பி வந்ததா என்று. பெயர் போட வேண்டாம் என்றால் பலர் மனம் திறந்து எழுதுவார்கள். லண்டனில் இருக்கிறவர்களிடம் எழுதி வாங்கி உங்களுக்கு அனுப்பும் வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன். மே மாதத்துக்குள் தெரிவித்தால் தேர்வு நேரம் போக அவர்களைப் பிடித்துவிடலாம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
ஈஸ்ட் ஹாம், லண்டன்.